குதிகாலுக்கு மேல் ஒரு புள்ளி

ஷார்ஜாவில், முவைலாவின் அந்த மஞ்சள் கட்டடத்தில் எந்த வீட்டில் என்ன பொரிகிறது என்பது லிஃப்டுக்குள் நுழைந்த உடனே தெரிந்துவிடும். மூன்றாம் மாடியில் நெத்திலி, ஐந்தாம் மாடியில் நெய், ஏழில் பெரும்பாலும் சண்டை. கீழ்த்தளத்திலிருந்து மட்டும் எந்தச் சமையலிலும் சேராத ஒரு புகை வாசம் வரும். ஐந்தாம் மாடி பானுமதி அதை முதலில் சாம்பிராணி என்று நினைத்தாள். பிறகு கஞ்சா என்று நினைத்தாள். வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அது மேனுஜாவின் சீன வைத்தியம் என்று தெரிந்தது. தெரிந்த பின்னும் கஞ்சா என்று சொல்வதையே அவள் விரும்பினாள். அதில் சுவாரசியம் அதிகம்.

மேனுஜாவுக்கு முப்பத்தேழு வயது. மானிப்பாய்க்காரி. சீனாவுக்குப் போய் நாஞ்சிங்கில் ஐந்து வருடம் படித்து, அந்த மொழியிலேயே பரீட்சை எழுதித் தேறி, ஷார்ஜாவுக்கு வந்து உரிமம் வாங்கி, ஒன்பது வருடமாக ஊசி குத்துகிறாள். ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குக் கட்டடத்தில் மூன்று கதைகள் உலவின. மூன்றையும் கிளப்பியது பானுமதிதான். ஒன்றை அவளே மறுக்கவும் செய்தாள். வாசல் பலகையில் சீனத்திலும் அரபியிலும் ஆங்கிலத்திலும் பெயரும் படிப்பும் எழுதியிருந்தும் கட்டடத்துக்கு அவள் வெறும் 'ஊசிக்காரி'. ஊரிலிருந்து பெரியம்மாமார் போன் பண்ணினால், "பிள்ளை, நீ உண்மையான டொக்டரோ, இல்லாட்டி அந்த மாதிரியோ?" என்று கேட்பார்கள். அந்த மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அவளும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் டொக்டர் என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவள் ஏங்கினாள். நடந்ததெல்லாம் அந்த ஏக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டதுதான்.

அவளிடம் வருகிறவர்கள் அநேகமாக விளையாட்டுக்காரர்கள். பந்து வீசித் தோள் போனவர்கள், மாரத்தான் ஓடி முழங்கால் போனவர்கள், பாட்மின்டன் ஆடி முழங்கை வீங்கிய பிலிப்பினோக்கள். மயிரிழை ஊசிகள் ஒரு பக்கம். முதுகில் கவிழ்த்து ஒட்டும் கண்ணாடிக் கிண்ணங்கள் ஒரு பக்கம். மாசிபத்திரி இலையைச் சுருட்டிப் பற்றவைத்து மூட்டுக்குப் பக்கத்தில் காட்டும் சூடு ஒரு பக்கம். புகை வாசம் அதிலிருந்துதான். கிண்ணத்தை எடுத்த இடத்தில் அப்பளம் அளவுக்கு ஊதா வட்டம் விழும். இந்த வட்டங்களோடு பனியன் போட்டுக்கொண்டு கடைக்குத் தயிர் வாங்க வந்த ஒருவனைப் பார்த்துவிட்டு, அவனை யாரோ அடைத்து வைத்து அடித்திருக்கிறார்கள் என்று பானுமதி இரண்டு நாள் பரிதாபப்பட்டாள்.

போன ஜனவரியில்தான் பாண்டித்துரை வந்தார். முதுகுளத்தூர் பக்கம். ஒரு கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்புக்குப் பொறுப்பாளர். அதே கம்பெனியின் கபடி அணிக்கும் மேனேஜர். கதவைத் திறந்ததும், "வணக்கம் டாக்டர் மேடம்" என்றார். மேனுஜா நிமிர்ந்து பார்த்தாள். தமிழ் வாயிலிருந்து அந்தச் சொல் இவ்வளவு சுலபமாக வந்து அவள் கேட்டதில்லை.

அவருக்குப் பின்னால் ஒரு பையன் மாதிரித் தெரிந்தவன் பாலகுரு. இருபத்தைந்து வயது, கல்யாணமாகி ஒரு வருடம், வடமதுரைப் பக்கம். விசாவில் அவன் சாரம் கட்டுகிறவன். உண்மையில் அவனைக் கொண்டுவந்தது கபடிக்கு. ஊர்ப் போட்டியில் அவன் ஒரே ரைடில் நான்கு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிய வீடியோ எப்படியோ கம்பெனி ஆபீஸ்வரை போயிருந்தது. ஆடுகிறவரைக்கும் ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எண்ணுகிற டியூட்டி. ஆட முடியாவிட்டால் என்ன டியூட்டி என்று யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

சீன வைத்தியம் கேள்வியில்தான் தொடங்கும். மேனுஜா கேட்டாள்.

"நித்திரை எப்பிடித் தம்பி?"

"ஓகே மேடம்."

"பசி?"

"ஓகே மேடம்."

"மலம் ஒழுங்காப் போகுதோ?"

பாலகுரு பாண்டித்துரையைப் பார்த்தான். "அதுவும் ஓகே மேடம்."

"கால் எங்க நோகுது?"

"வலியெல்லாம் மாஃபி மேடம்."

"நோவே இல்லையெண்டா இஞ்ச ஏன் வந்தனீங்கள்? என்னைப் பாக்கவோ?"

பாண்டித்துரை வாய்விட்டுச் சிரித்தார். "லேசா டைட்டா இருக்குன்றான் மேடம். வேற ஒண்ணுமில்ல. பய இரும்பு."

இரும்பின் இடது குதிகாலை ஆடுசதையோடு சேர்க்கும் தசைநார், ஆட்டக்காரர்கள் பேச்சில் நரம்பு, விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது, தொட்டால் சூடு. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்த்தால் நாடி, இறுக்கிக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி விறைத்து அடித்தது. நாடி ஒன்று சொல்கிறது, வாய் வேறொன்று சொல்கிறது. மேனுஜாவுக்கு இது புதிதல்ல. கேம்ப்பிலிருந்து வருகிற எவரும் இப்படித்தான். ஏஜென்ட் ஆபீஸில் ஒரு மெடிக்கல், இங்கே வந்து இறங்கியதும் ஒரு மெடிக்கல், விசா புதுப்பிக்க ஒரு மெடிக்கல். ஒவ்வொரு தடவையும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கேட்பார். வலிக்கிறது என்று சொன்னவன் பெயருக்கு எதிரே கோடு விழும். அவன் ஊருக்குப் போவான். கேள்வி கேட்கிற யாரும் திருப்பி அனுப்பக்கூடியவர் என்பதை அவர்கள் உடம்பே கற்றுவைத்திருந்தது.

ஊசி போடும்போது இன்னும் மோசம். ஊசி சரியான இடத்தைத் தொட்டால் உள்ளே ஒரு கனம், ஒரு மந்தமான இழுவை தோன்றவேண்டும். அதைச் சொல்லவேண்டியவர் படுத்திருக்கிறவர். ஆடுசதையில் ஓர் ஊசி இறக்கி, "பாரமா இருக்கோ?" என்றாள். "இல்ல மேடம்." இன்னும் கொஞ்சம் இறக்கினாள். "இப்ப?" "இல்ல மேடம்." தற்செயலாகக் கீழே பார்த்தபோது அவன் கால்விரல் ஐந்தும் உள்ளே சுருண்டு, கட்டில் விரிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் பதறி ஊசியை மேலே இழுத்தாள்.

"தம்பி, இது விசா மெடிக்கல் இல்ல. நோகுதெண்டா நோகுதெண்டு சொல்லோணும். விளங்குதோ?"

"சரிங்க மேடம்."

"சரி, இப்ப நோகுதோ?"

"இல்ல மேடம்."

இதற்கு மேல் என்ன செய்ய? மூன்று வாரம் குதிக்கக் கூடாது என்றாள். அரையிறுதி பதினெட்டாம் தேதி என்றார் பாண்டித்துரை. மீன் சந்தை மாதிரிப் பேரம் பேசி, குதிக்காமல் பயிற்சி, வாரம் மூன்று தடவை ஊசி, தினமும் தைலம் என்று முடிவானது. நரம்பும் கொஞ்சம் இறங்கி வந்தது. சூடு தணிந்தது. பாலகுரு ஆறாம் தடவை வந்தபோது தானாக ஒரு வாக்கியம் பேசினான்: மனைவி பெயர் அகிலா, அவளும் ஸ்கூலில் கோகோ ஆடியவள். மேனுஜாவுக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

அரையிறுதியில் ஜெயித்தார்கள். அதற்கு மறுநாள் ஊசி போட்டுக்கொண்டு போன பாலகுரு, வாசலிலிருந்து கடைமுனைவரை சிப்பாய் மாதிரி நடந்துபோய், முனை திரும்பியதும் நிறுத்தியிருந்த வேனைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றான். பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பானுமதி இதைப் பார்த்தாள். பார்த்ததை மூன்றாம் மாடியில் சொன்னாள், ஏழாம் மாடியில் சொன்னாள், அபுதாபியில் இருக்கும் நாத்தனாரிடம் போனில் சொன்னாள். சொல்லவேண்டிய ஒருத்தி கீழ்த்தளத்தில் இருந்தாள்; அவளிடம் மட்டும் சொல்லத் தோன்றவில்லை.

புதன்கிழமை பாண்டித்துரை ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே வெள்ளை டிஷர்ட். முதுகில் பெரிய எழுத்தில் 'டீம் டாக்டர்'. "ஃபைனலுக்கு மேடையில உங்களுக்கு சேர் போட்டிருக்கோம் மேடம். பேனர்லயும் பேரு இருக்கு." அவர் போனதும் மேனுஜா கதவைப் பூட்டிவிட்டு அதைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் முதுகு தெரிவதற்குக் கழுத்தை அந்தப் பாடு படுத்தினாள். போட்டோ எடுத்து மானிப்பாய்க்கு அனுப்பினாள். பெரியம்மா ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினாள். ஒன்பது வருடத்தில் முதல் பூங்கொத்து.

மறுநாள் வியாழக்கிழமை. போட்டி நடத்துகிறவர்கள் அடிபட்டிருந்த ஆட்டக்காரர்களுக்கு டாக்டர் கடிதம் கேட்டிருந்தார்கள். பாலகுருவை ஒற்றைக்காலில் நிறுத்தி, குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கச் சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன்னால் எட்டுக்கு மேல் முடியாதவன் இருபத்தைந்து தடவை செய்தான், சிரித்துக்கொண்டே செய்தான். நாடியும் குளம் மாதிரி அமைதியாக இருந்தது. பாண்டித்துரை கைதட்டினார்.

மேனுஜா காலைத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலுக்கு இரண்டு விரல் மேலே, நரம்பின் ஓரத்தில், ஒரு புள்ளி. சுற்றிலும் மிளகளவு கறுப்பு. அவளுடைய ஊசி அப்படித் தடம் விடாது. விட்டாலும் அவள் அந்த இடத்தில் குத்தவேயில்லை. இது மருந்து ஏற்றுகிற தடித்த ஊசி.

"இது என்ன தம்பி?"

"கொசு மேடம்."

ஜனவரி மாதம், ஷார்ஜாவில், குதிகாலில் மட்டும் கடிக்கிற கொசு. மேனுஜாவுக்குத் தெரிந்துவிட்டது. வலியை அமுக்கவும் வீக்கத்தைக் குறைக்கவும் நரம்பிலேயே ஏற்றுகிற மருந்து அது. வலி போய்விடும், நரம்பு உள்ளுக்குள் இற்றுப்போகும், குதித்தால் அறுந்தாலும் அறும். நாஞ்சிங்கில் இரண்டாம் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்தது. ஒரு சொல் போதும். 'ஏலாது' என்று ஒரு சொல். பையன் முகம் வாடும், பாண்டித்துரை கத்துவார், பேனரில் பெயர் இருக்கும், மேடையில் நாற்காலி காலியாக இருக்கும்.

"மேடம், நம்மாளு ரெடிதானே?" என்றார் பாண்டித்துரை, எழுதாத கடிதத்தாளை நீட்டியபடி.

அவள் இன்னொரு தடவை கேட்டாள். "தம்பி, உண்மையாச் சொல்லுங்கோ. நோ இருக்கோ?"

"சத்தியமா இல்ல மேடம்."

அதுவும் பொய்யில்லை. வலி இருக்கவில்லைதான். அவன் சொன்னதை எழுதுகிறோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, 'விளையாடத் தகுதியானவர்' என்று எழுதி, முழுப்பெயரைப் போட்டு, முத்திரையையும் குத்திக் கொடுத்தாள். பாலகுரு அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கில் மேட் விரித்து ஃபைனல். கேம்ப் கேம்ப்பாக பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். விசில், தாரை, சமோசா. மேனுஜா மேடையில், டிஷர்ட்டின் முதுகு எழுத்து தெரியாதபடி நாற்காலியில் சாய்ந்து உட்கார மனமில்லாமல் முன்னால் நகர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

முதல் பாதியில் பாலகுரு ஆறு பாயிண்ட் எடுத்தான். இரண்டாம் பாதியில் மூன்றாவது ரைடு. கபடி பாடிக்கொண்டே வலது பக்கம் போக்குக் காட்டி, இடது காலை ஊன்றி எம்பினான். யாரும் அவனைத் தொடவில்லை. காய்ந்த தென்னமட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் மேடைவரைக்கும் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தான், யார் உதைத்தது என்று. பின்னால் யாரும் இல்லை. இரண்டு கையையும் மேட் மேல் ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு, நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தான். வாய் கபடி கபடி என்று சொல்வதை நிறுத்தவில்லை. எதிரணிக்காரர்கள் ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள்; ஒருவரும் பிடிக்கவில்லை. கோட்டைத் தொட்ட பிறகுதான் மூச்சை விட்டான். பாயிண்ட் இல்லை என்று நடுவர் கையைக் காட்டினார்.

மேனுஜா ஓடிப்போய் அவனைக் குப்புறப் படுக்க வைத்தாள். ஆடுசதையை அழுத்தினால் பாதம் தானாக அசையவேண்டும். அழுத்தினாள். அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏதோ சீன வைத்தியம் நடக்கிறது என்று நினைத்து அமைதியாக இருந்தார்கள்.

"மேடம், சுளுக்குத்தானே?" என்றான் பாலகுரு.

ஆஸ்பத்திரியில் நரம்பைத் தைத்தார்கள். பத்தாம் நாள் கம்பெனி முடிவு சொல்லிவிட்டது: விளையாட்டில் பட்ட அடி டியூட்டியில் சேராது, கால் கெட்டதை மறைத்து ஆடியது அவன் தப்பு, விசா ரத்து, டிக்கெட் கம்பெனி தரும். பாண்டித்துரை மேனுஜாவைத் தேடி வந்து ஆறுதல் சொன்னார்.

"உங்க மேல ஒரு சொல் வராது மேடம். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பயதான் மறைச்சுட்டான், டாக்டர் என்ன பண்ணுவாங்கன்னு."

"அவர் மறைக்கேல்ல. நான்..." என்று தொடங்கினாள்.

"விடுங்க மேடம். கலாஸ், முடிஞ்சு போச்சு" என்றார் அவர். அவருக்கும் அடுத்த சீஸனுக்கு ஆள் தேடவேண்டியிருந்தது.

ஏழாம் மாடியில் ஒரு முதுகுவலியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த மேனுஜாவை பானுமதி லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பையன் முனையில நின்னு வேனைப் புடிச்சிக்கிட்டு நொண்டினானே, நான் அன்னைக்கே பார்த்தேன்."

"பாத்தனீங்களோ? ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்ல?"

"உங்களுக்குத் தெரியாமலா இருக்கும், நீங்கதானே டாக்டரு?" என்றாள் பானுமதி. குத்திக் காட்டத்தான் சொன்னாள். ஆனால் மேனுஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் மாடி வந்தும் இறங்காமல் ஏழுவரைக்கும் கூடவே போய்த் திரும்பி வந்தாள். இதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பாலகுரு ஊருக்குப் போகிற அன்று மத்தியானம் மேனுஜா கேம்ப்புக்குப் போனாள். ஆபீஸில் போய் உண்மையை எழுதிக் கொடுப்பது என்று தீர்மானித்திருந்தாள். ஊசித் தடத்தைப் பார்த்தேன், பார்த்தும் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினால் உரிமம் போகும். ஆனால் அதன்பின் கம்பெனி மறைத்தவன் என்ற பெயரோடு அவனை அனுப்ப முடியாது, குணமாகும்வரை வைத்துப் பார்க்கவேண்டிவரும். அதற்கு முன் அவனிடம் சொல்லவேண்டும்.

எட்டுப் பேர் இருக்கும் ரூம். கீழ்க் கட்டிலில் பாலகுரு, முழங்கால்வரை பூட்ஸ் மாதிரி ஒரு கட்டு. கதவருகே நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அவனுடைய பையைக் கட்டிக்கொண்டிருந்தார். மேனுஜா சொல்லி முடிக்குமுன் பாலகுரு எழுந்திருக்கப் பார்த்தான்.

"வேணாம் மேடம். ஊசியப் பத்தி மட்டும் பேசாதீங்க."

"ஏன்?"

அவன் கதவுப் பக்கம் பார்த்தான். "அருள்ராஜ் அண்ணன்தான் போட்டாரு. ஊர்ல கம்பவுண்டரா இருந்தவரு. நான்தான் கால்ல விழுந்து கேட்டேன், அவரு மாட்டேன்னாரு. இங்க லைசென்ஸ் இல்லாம ஊசி போட்டா ஜெயில் மேடம். ரெண்டு பொண்ணு இருக்கு அவருக்கு. என் கால் போனது போனதுதான்."

அருள்ராஜ் பைக்கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். நிமிரவேயில்லை. மேனுஜா பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். பழியை ஏற்றுக்கொள்ளக்கூட வழியில்லாமல் போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அப்போது அவன் போன் அடித்தது. எடுத்து, இரண்டு தடவை ம் கொட்டிவிட்டு, அவளிடம் நீட்டினான். "அகிலாதான் மேடம். என்னால சொல்ல முடியல. நீங்க சொல்லுங்க." போனைக் கொடுத்த கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"டாக்டரம்மாங்களா?" குரலில் அத்தனை மரியாதை. "நீங்க எழுதுன லெட்டரை எனக்கு அனுப்புனாரும்மா. நான் ஸ்டேட்டஸ்ல வெச்சேன். இவ்வளவு பெரிய டாக்டரு எழுதியிருக்காங்களே, இனி என்ன பயம்னு இருந்தேன். இனிமே கபடி பாட முடியுமான்னு கேட்டா போனைக் கட் பண்றாரு. முடியுங்களாம்மா?"

மேனுஜா பாலகுருவைப் பார்த்தாள். அவன் மேல் கட்டிலின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலாது. நடப்பார். கவனமாப் பாத்தா ஓடவும் செய்வார். ஆனா இனிக் கபடி ஏலாது."

அந்தப் பக்கம் எங்கோ மிக்ஸி ஓடி நின்றது; அடுத்த வீடாக இருக்கலாம்.

"அப்ப அந்த லெட்டரு?"

"அது என்ர பிழை. நான் எழுதியிருக்கக் கூடாது." மணிக்கட்டில் பிடி இறுகியது.

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க? அவருதான் மறைச்சிருப்பாரு. அவரு குணம் எனக்குத் தெரியாதா?" அகிலா மூக்கை உறிஞ்சினாள். "இங்க வந்தா நான் எப்படிப் பார்க்கணும்னு சொல்லுங்க. இருங்க, பேனா எடுத்துக்கறேன்."

மேனுஜா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள். பாதம் கீழ்நோக்கியே இருக்கவேண்டும். குதிகாலுக்கு அடியில் வைக்கும் ஆப்புகளை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத்தான் எடுக்கவேண்டும். யார் சொன்னாலும் எண்ணெய் போட்டு உருவக் கூடாது. படுக்கும்போதும் கட்டைக் கழற்றக் கூடாது. ஆறாம் வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும்.

வெளியே ஏர்போர்ட் வேன் வந்து ஹார்ன் அடித்தது.

"வேற ஏதாச்சும் சொல்லணுங்களாம்மா?"

அருள்ராஜ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"வேற ஒண்டும் இல்லை" என்றாள் மேனுஜா. பாலகுருவின் பிடி அப்போதுதான் தளர்ந்தது.